வந்து சேரவில்லையா, வாய் திறக்கவில்லையா

வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கும்போது கையில் வென்ஃப்ளான் போட்டு ஏற்றுகிற கான்ட்ராஸ்ட் மருந்தில் ஏறக்குறைய முப்பது கிராம் அயோடின் இருக்கும். நகைக்கடைக் கணக்கில் நாலு சவரனுக்குக் கொஞ்சம் குறைவு. எக்ஸ் கதிரைத் தடுத்து நிறுத்துவதில் அயோடினைவிடத் தங்கம் கெட்டி. அயோடினின் அணு எண் 53, தங்கத்துக்கு 79. 2006இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹெயின்ஃபெல்டும் அவர் குழுவினரும் இரண்டு நானோமீட்டருக்கும் சிறிய தங்கத் துகள்களை எலிகளுக்கு ஏற்றிப் படம் பிடித்தார்கள். கட்டியும் தெரிந்தது, அதற்குப் போகிற மெல்லிய ரத்தக் குழாய்களும் தெரிந்தன. எலிக்குச் சரி. மனிதருக்கு அயோடினில் பாதி அளவு தங்கம் போதும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் இரண்டு சவரன் ஆகிறது. அதுவும் ஒரு ஸ்கேனுக்கு. நல்லபடியாக வேலை செய்தால் அந்த இரண்டு சவரனும் சிறுநீரில் போய்விட வேண்டும்.

இதை ஆந்திரத்துக் குப்பம் ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். தங்கம் மண்ணைவிட்டு வெளியே வர என்ன பாடு படுத்தும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். சிகர்குண்டாவிலும் பிசாநத்தத்திலும் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்தது; 2001இல் கோலார் தங்கவயலை மூடியபோது இவற்றையும் மூடினார்கள். கோலார் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. வடாற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக அதில் இறங்கினார்கள். டன் கணக்கில் பாறையை உடைத்து, மாவாக அரைத்து, சயனைடில் கரைத்தால் கடைசியில் சில கிராம் மிஞ்சும். அந்தப் பாறைத்தூசி அவர்கள் மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் தங்கியது. எக்ஸ் கதிர்ப் படத்தில் வெள்ளை வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். சிலிக்கோசிஸ் என்று மருத்துவர் சொல்வார். உடம்புக்குள் போன அந்நியத் துகள் ஒன்று படத்தில் தெரிவதும், அது திரும்பி வெளியே வராததும் இந்த வட்டாரத்துக்குப் புதிய செய்தி இல்லை.

ஆக, சி.டி.யில் தங்கத் துகள் என்பது இப்போதைக்கு வசதியுள்ளவர் பேச்சு. எம்.ஆர்.ஐ.க்கு இவ்வளவு வேண்டியதில்லை. அங்கே ஏற்றும் கடோலினியம் ஒரு ஆளுக்கு ஒரு கிராம் அளவில்தான். ஒளிரும் சாயங்களென்றால் மில்லிகிராமே போதும். நோயைக் கண்ட இடத்தில் மட்டும் தன் குணத்தை மாற்றிக் காட்டும் துகள்கள் என்று ஆய்வுலகம் பல ஆண்டுகளாகப் பேசிவருவது பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான் நடக்கிறது. அந்தத் துகள்கள்மேல் எனக்கு ஈர்ப்பும் உண்டு, சந்தேகமும் உண்டு. சந்தேகம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல வேண்டுமானால், இதற்கு முன் மனித உடம்புக்குள் வந்து போனவற்றையும் வந்து போகாமலே தங்கிவிட்டவற்றையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895 நவம்பரில். 1896 ஜனவரியிலேயே வியன்னாவில் ஹாஷெக், லிண்டன்தால் என்ற இருவர் உயிரற்ற கை ஒன்றின் ரத்தக் குழாய்களில் பாதரசமும் சுண்ணாம்பும் சேர்ந்த குழம்பை ஏற்றிப் படம் எடுத்துவிட்டார்கள். விரல் நுனிவரை கிளை பிரிந்து ஓடும் குழாய்கள் அத்தனையும் அந்தப் படத்தில் இருக்கின்றன. ஏற்றியது எப்படி வெளியே வரும் என்ற கவலை அவர்களுக்கு இல்லை. கை யாருடையதோ, அவர் போய்விட்டார். அதன் பிறகு வந்த அத்தனை சிக்கலும் உயிரோடிருப்பவர்களால் வந்தது.

1930களில் தோரோட்ராஸ்ட் என்றொரு மருந்து ஜெர்மனியிலிருந்து உலகமெங்கும் போயிற்று. தோரியம் டை ஆக்சைடின் கூழ்மம் அது. துகளின் அளவு நானோமீட்டர் கணக்கு. அந்தச் சொல் மருத்துவத்தில் புழங்குவதற்கு அரை நூற்றாண்டு முன்பே நானோதுகளை மனித ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தாயிற்று என்பதை இன்றைய நானோ உற்சாகக் கட்டுரைகள் பெரும்பாலும் சொல்வதில்லை. தோரியம் நமக்குத் தூரத்துப் பொருளும் அல்ல. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். கல்யாண ஊர்வலத்தில் தலையில் தூக்கிப்போன பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டிலில் இருந்ததும் அதே தோரியம்தான்.

தோரோட்ராஸ்டை மருத்துவர்கள் நம்பியதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்து அயோடின் மருந்துகள் ஏற்றும்போது வலித்தன. சிலருக்கு ஆளையே சாய்த்தன. இது வலிக்கவில்லை. ஒவ்வாமை இல்லை. படம் பளிச்சென்று விழுந்தது. ஏற்றிய அன்று ஒரு குறையும் சொல்ல முடியாத மருந்து. கல்லீரலும் மண்ணீரலும் துகளைப் பிடித்து வைத்துக்கொண்டன, அவ்வளவுதான். பிறகு விடவே இல்லை. தோரியம்-232இன் அரையாயுள் ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டு. ஈரலுக்குள் உட்கார்ந்து அது ஆல்ஃபா கதிரை விட்டுக்கொண்டே இருந்தது. இருபது, முப்பது ஆண்டு கழித்து அரிதான ஈரல் புற்றுநோயோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 1950களில் மருந்தை நிறுத்தும்போது உலகில் லட்சக்கணக்கானோர் அதை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். படம் எடுத்த மருத்துவர் பலர் அதற்குள் ஓய்வு பெற்றிருப்பார்கள்.

கடோலினியத்தின் கதை இவ்வளவு கொடூரமில்லை. தனியாக இருந்தால் நஞ்சு. அதனால் ஒரு மூலக்கூறுக் கூண்டில் பூட்டி ஏற்றுகிறார்கள். கூண்டோடு உள்ளே போய்க் கூண்டோடு சிறுநீரில் வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. 1988இல் அமெரிக்கா அனுமதித்தது. 1997 முதல், சிறுநீரகம் கெட்டுப்போன சிலருக்குத் தோல் கட்டைபோல் இறுகி, மூட்டு மடங்காமல் போவதைப் பார்த்தார்கள். ஆஸ்திரிய மருத்துவர் குரோப்னர் 2006இல் அதையும் கடோலினியத்தையும் முடிச்சுப் போட்டுக் காட்டினார். சிறுநீரகம் வெளியே அனுப்பாமல் தாமதித்தால் சில கூண்டுகள் திறந்துகொள்கின்றன என்பது விளங்கியது. 2014இல் ஜப்பானில் காண்டாவின் குழு, பலமுறை ஏற்றிக்கொண்டவர்களின் மூளையில் அதன் தடம் தங்குவதை எழுதியது. 2017இல் ஐரோப்பா தளர்ந்த கூண்டு வகைகள் பலவற்றை நிறுத்திவைத்தது. இறுக்கமான கூண்டு உள்ளவை இன்று பத்திரமானவை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் சிறுநீரகம் பலவீனமானவருக்கு ஊசியை எடுக்குமுன் கிரியேட்டினின் என்ன என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்குள் இந்த வரலாறு முழுக்க இருக்கிறது. ஆந்திரத்தின் வடகோடியில், காரணம் இன்னதென்று தீராத சிறுநீரக நோய் ஊர் ஊராகப் பிடித்திருக்கும் உத்தானம் பகுதியில் அந்தக் கேள்விக்கு இன்னும் கனம் அதிகம்.

குப்பத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் உறவினருக்காகக் காத்திருந்தபோது நடந்த ஒரு பேச்சு இங்கே வர வேண்டும். எனக்கு முன்னால் ஒரு மூதாட்டி. டெக்னீஷியன் பையன், அதற்கு முன் போனவரிடம் தெலுங்கில் சொன்னதையே அவரிடம் தமிழில் சொன்னான்: “அவ்வா, மருந்து போறப்ப ஒடம்பெல்லாம் சூடா வரும். ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரி இருக்கும். போயிருக்க மாட்டீங்க. பயப்படாம படுங்க.” இதைவிடச் சரியாக அயோடினின் விளைவை எந்தப் பாடநூலும் சொல்லாது.

“உள்ள போறது சரி நாயனா. அது எப்ப வெளிய வரும்?”

“ரெண்டு சொம்பு தண்ணி சேத்துக் குடிங்க. நாளைக்குள்ள வந்துரும்.”

“வந்துருச்சான்னு யார் பாக்கறது?”

பையன் சிரித்தான். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு அது நகைச்சுவையாகப் படவில்லை. மருந்து அனுமதிக் குழுக்கள் அறுபது ஆண்டு தாமதமாகக் கேட்கக் கற்றுக்கொண்ட கேள்வி அது.

நானோதுகள்களைப் பொறுத்தவரை அவர் கேள்விக்கு ஒரு எண்ணே உண்டு. 2007இல் ஹாக் சூ சோயும் ஜான் ஃபிராஞ்சியோனியும் விதவிதமான அளவில் ஒளிரும் துகள்களை எலிகளில் ஏற்றி, எது சிறுநீரில் வருகிறது என்று பார்த்தார்கள். சுமார் 5.5 நானோமீட்டர்தான் எல்லை. அதற்குச் சிறியது சிறுநீரக வடிகட்டியில் நழுவிப் போகிறது. பெரியது போகாமல் ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் திரும்புகிறது. தோரோட்ராஸ்ட் போய் உட்கார்ந்த அதே இடம். பெரிய துகளைச் செய்கிறவர் அது ஈரலில் கரைந்து உடம்புக்குத் தெரிந்த பொருளாகிவிடும் என்று காட்டியாக வேண்டும். இரும்பு ஆக்சைடு துகள்களுக்கு அந்தச் சலுகை இருக்கிறது: உடம்பு இரும்பைக் கரைத்துத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. ஃபெருமாக்ஸிடால் என்ற இரும்புத் துகளை அமெரிக்கா 2009இல் அனுமதித்தது படத்துக்காகக்கூட அல்ல, சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்காக. கடோலினியம் ஏற்ற முடியாதவர்களுக்கு அதையே எம்.ஆர்.ஐ.க்கும் சில மருத்துவமனைகள் பயன்படுத்தத் தொடங்கின.

இனி, பதில் சொல்லும் துகள்கள்.

எம்.ஆர்.ஐ. பார்ப்பது உடம்பிலுள்ள தண்ணீரை. கடோலினியத்தை உரசிப் போகும் தண்ணீர் மூலக்கூறு மற்றவற்றைவிடச் சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அந்த இடம் படத்தில் வெளிச்சமாகிறது. உரச விடாமல் செய்துவிட்டால் வெளிச்சம் குறையும். 1990களின் பிற்பாதியில் கால்டெக்கில் தாமஸ் மீடும் கூட்டாளிகளும் பிடித்துக்கொண்டது இந்த நுனியை. கடோலினியக் கூண்டின் வாசலில் ஒரு சர்க்கரை மூலக்கூறை வைத்து அடைத்தார்கள். குறிப்பிட்ட ஒரு நொதி வந்து அந்தச் சர்க்கரையை வெட்டினால் வாசல் திறக்கும், தண்ணீர் உள்ளே வரும், வெளிச்சம் வரும். நொதி இல்லாத இடத்தில் மங்கலாகவே கிடக்கும். 2000இல் உயிருள்ள தவளைக் கருவில், அந்த நொதியைச் சுரக்கும்படி செய்த உயிரணுக்கள் மட்டும் எம்.ஆர்.ஐ.யில் துலங்கியதைக் காட்டினார்கள். அதுவரை கான்ட்ராஸ்ட் என்றால் வடிவம்: குழாய் எங்கே ஓடுகிறது, கட்டி எங்கே புடைத்திருக்கிறது. இங்கே முதல்முறையாக, அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று படம் சொன்னது.

குப்பம் கடைவீதியில் ஒரு மளிகைக்கடை வாசலில் நின்று பாருங்கள். ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் மூன்றும் தொட்டுக்கொள்ளும் ஊர் இது. திராவிடப் பல்கலைக்கழகத்தை 1997இல் இங்கே கொண்டுவந்து வைத்ததற்கும் அதுதான் காரணம். புதிய ஆள் வந்தால் கடைக்காரர் முந்திப் பேச மாட்டார். வந்தவர் வாயிலிருந்து முதல் சொல் விழட்டும் என்று தராசைத் துடைத்துக்கொண்டிருப்பார். பிய்யம் என்றால் தெலுங்கு, அரிசி என்றால் தமிழ், அக்கி என்றால் கன்னடம். அதுவரை மௌனம். மீடின் மூலக்கூறும் அதன் பின்னால் வந்த துகள்களும் இந்த வகை. ஒரே வித்தியாசம், கடைக்காரர் பேசாமல் இருக்கும்போதும் அவர் அங்கே இருக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

என் சந்தேகம் முழுவதும் அந்த வித்தியாசத்தில் இருக்கிறது. அதற்கு வருகிறேன். அதற்குமுன், இந்தத் துறையின் அழகான இரண்டு வேலைகளைச் சொல்லாமல் போவது நியாயமில்லை.

நம் ரத்தத்தின் பி.எச். 7.4. புற்றுக்கட்டி சர்க்கரையை அவசரமாக எரித்து லாக்டிக் அமிலத்தை வெளியே தள்ளுவதால் அதன் சுற்றுப்புறம் புளிப்பாகி 6.5 வரைக்கும் இறங்குகிறது. ஆட்டோ வார்பர்க் 1920களிலேயே இந்தச் சர்க்கரைப் பசியைக் கவனித்தவர். ஜப்பானில் கசுனோரி கட்டாவோகாவின் குழு 2016இல் வெளியிட்ட துகள் கால்சியம் பாஸ்பேட்டால் ஆனது, அதாவது எலும்பும் பல்லும் ஆன பொருளின் உறவு. அதற்குள் மாங்கனீசைப் பூட்டியிருந்தார்கள். ரத்தத்தில் கரையாது. கட்டியின் புளிப்பில் கரையும். பல்லில் சொத்தை விழுவதும் இதே வேதியியல்தான். கரைந்ததும் விடுபடும் மாங்கனீசு பக்கத்துப் புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது, ஒட்டியதும் அதன் வெளிச்சம் இன்னும் பெருகுகிறது. திறந்துகொள்வதோடு நிற்காமல் குரலையும் உயர்த்துகிற துகள். எலிகளின் ஈரலில் ஒளிந்திருந்த மிகச் சிறிய கட்டிகளை இது காட்டியது. துகள் கரைந்து மிஞ்சுவது கால்சியமும் பாஸ்பேட்டும். மாங்கனீசின் அளவை மட்டும் கவனிக்க வேண்டும், மிஞ்சினால் அது நரம்பைக் கெடுக்கும்.

இன்னொன்று டெக்சஸில் ஜின்மிங் காவோ வடிவமைத்தது. பாலிமர் உருண்டைக்குள் ஒளிரும் சாயத்தை நெருக்கி அடைத்தால் ஒன்றன் ஒளியை ஒன்று விழுங்கிவிடும், இருட்டு. பி.எச். 6.9க்குக் கீழே இறங்கினால் உருண்டை சட்டென்று உதிர்ந்து சாயம் ஒளிரும். கொஞ்சம் கொஞ்சமாக அல்ல, சுவிட்ச் போட்டாற்போல. நெதர்லாந்தில் கிரோனிங்கன் மருத்துவர்கள் இதைத் தலை–கழுத்து, மார்பகம், பெருங்குடல் எனப் பலவகைக் கட்டி உள்ளவர்களுக்கு ஏற்றி அறுவை சிகிச்சையின்போது பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது. வழக்கமான கண்ணுக்கும் கைக்கும் தப்பிய சில கட்டிகளும் ஒளிர்ந்தன. எலியைத் தாண்டி மனிதர்வரை வந்த பதில் சொல்லும் துகள்களில் இது முக்கியமானது.

இப்போது இருட்டுக்கு வருவோம். இந்தத் துகளை ஏற்றிய பிறகு ஓர் இடம் இருட்டாகவே இருந்தால் என்ன பொருள்? அங்கே நோய் இல்லை என்று இருக்கலாம். துகள் அங்கே போய்ச் சேரவே இல்லை என்றும் இருக்கலாம். இரண்டும் படத்தில் ஒரே கறுப்பு.

இது வெறும் வாதத்துக்காகச் சொல்வதில்லை. 2016இல் டொரான்டோவில் வாரன் சானின் குழு, பத்தாண்டுகளாக வெளிவந்த எலி ஆய்வுகளைத் திரட்டி, ஏற்றிய நானோதுகளில் எவ்வளவு கட்டிக்குப் போய்ச் சேர்கிறது என்று கணக்கிட்டது. நடுமதிப்பு 0.7 சதவீதம். ஆயிரம் துகள் புறப்பட்டால் ஏழு போய்ச் சேர்கின்றன. அந்த ஏழும் எல்லாக் கட்டிக்கும் ஒரே மாதிரிப் போவதில்லை. ரத்தக் குழாய் ஒழுகும் கட்டிக்கு அதிகம், நடுப்பகுதி செத்துப்போன கட்டிக்குக் குறைவு. பிரகாசம் இரண்டு காரணத்தால் கூடும்: புளிப்பு அதிகம், அல்லது துகள் அதிகம். படம் அந்த இரண்டின் பெருக்கலை மட்டுமே காட்டும். பெருக்கல் விடையைப் பார்த்து இரண்டு எண்ணையும் சொல் என்றால் யாராலும் முடியாது.

பழைய, பேசத் தெரியாத இரும்புத் துகள்கள் இந்த விஷயத்தில் நேர்மையானவை என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெரிடெக்ஸ் ஈரலுக்கானது. நல்ல ஈரலில் உள்ள குப்ஃபர் உயிரணுக்கள் இரும்பைத் தின்றுவிடும், அந்த இடம் படத்தில் கறுக்கும். கட்டியில் அந்த உயிரணு இல்லை, கறுக்காது. கட்டியைச் சுற்றியுள்ள ஈரல் முழுக்கக் கறுத்திருப்பதே மருந்து வந்து சேர்ந்தது என்பதற்குச் சாட்சி. 2003இல் பாஸ்டனில் முகேஷ் ஹரிசிங்கானியும் நெதர்லாந்தின் யெல்லே பாரென்ட்ஸும் சேர்ந்து, 80 பேரின் நிணநீர்க் கணுக்களில் இதே வழியைக் கையாண்டு புராஸ்டேட் புற்று பரவியிருப்பதைக் கண்டார்கள்: நல்ல கணு கறுக்கும், புற்றுள்ள இடம் கறுக்காது. அங்கே சாட்சி பலவீனம். துகள் வந்து சேராத நல்ல கணுவும் கறுக்காமல் புற்றுப்போலவே நிற்கும். அவர்கள் ஏற்றிய இரும்புத் துகளுக்கு அமெரிக்க அனுமதி கிடைக்கவில்லை. ஃபெரிடெக்ஸும் 2010 வாக்கில் சந்தையிலிருந்து போய்விட்டது. நல்ல மருந்து விற்காததால் போனது என்று அதைப் பயன்படுத்திய கதிரியலர்கள் இன்னும் வருத்தப்படுவதுண்டு.

இருட்டுக்கு இரண்டு பொருள் என்றால் வெளிச்சத்துக்கும் ஒன்றுதான் இருக்கும் என்று சொல்ல முடியாது. நம் ஊரில் இது இன்னும் தீவிரம். புளிப்பு புற்றுக்கட்டியின் தனிச்சொத்து கிடையாது. சீழ் பிடித்த இடம் புளிக்கும். ரத்தம் போகாத திசு புளிக்கும். அழற்சி உள்ள இடமெல்லாம் கொஞ்சம் புளிக்கும். இதோடு காசநோய். உலகின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். பெட் ஸ்கேனில் நம் மருத்துவர்கள் இந்தக் கஷ்டத்தை ஏற்கெனவே படுகிறார்கள்: கட்டி சர்க்கரையை இழுப்பதுபோலவே காசநோய் முடிச்சும் இழுக்கிறது, இரண்டும் ஒரே பளபளப்பு. புற்று பரவிவிட்டது என்று கலங்கி, ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தால் டி.பி. என்று வருகிறது. குடும்பம் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நிற்கும்.

காசநோய் அரிதான கிரோனிங்கனில் 6.9 என்ற எல்லைக்கோட்டைச் சோதித்துப் பார்க்கும்போது, கோட்டுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் புற்றுதான் என்ற ஊகம் சும்மாவே கூட வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதே துகளைக் குப்பத்துக்கோ திருப்பதிக்கோ கொண்டுவந்தால் துகள் மாறாது, வேதியியல் மாறாது, பதிலின் பொருள் மாறிவிடும். துகளிடம் நாம் கேட்பது “புற்று இருக்கிறதா?” என்று. அதற்குக் கேட்பது “புளிக்கிறதா?” என்று. நடுவில் உள்ள இடைவெளியை நிரப்புவது மருத்துவர், அவர் மனத்தில் இருக்கும் ஊர். புத்திசாலித் துகள் வந்தால் கதிரியலருக்கு வேலை குறையும் என்று பேசுகிறவர்கள் இதை யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. பேசாத மருந்துக்கு வடிவம் பார்க்கத் தெரிந்த கண் போதும். பேசுகிற மருந்துக்கு, அந்த ஊரில் என்னென்ன நோய் என்று தெரிந்த ஆள் வேண்டும்.

இருட்டின் சிக்கலுக்குத் தீர்வு இல்லாமல் இல்லை. ஒரே பொருளில் இரண்டு அடையாளம் வைக்க வேண்டும்: ஒன்று எப்போதும் பேசுவது, இன்னொன்று நோயைக் கண்டால் பேசுவது. முதலாவது எவ்வளவு வந்து சேர்ந்தது என்று சொல்லும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் புளிப்பு தனியாகக் கிடைக்கும். பாஸ்டனில் பீட்டர் காரவானின் குழு 2010இல் இதைச் செய்தது. பி.எச்.சுக்குத் தக்கபடி மாறும் கடோலினியக் கூண்டில் ஃபுளோரின்-18ஐ ஒட்டி, பெட்டில் அளவையும் எம்.ஆர்.ஐ.யில் புளிப்பையும் பார்த்தார்கள். நானோதுகள் இல்லை, சின்ன மூலக்கூறு. ஆனால் வழி அதுதான்.

வழி சரி, வண்டி எங்கே என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஃபுளோரின்-18இன் அரையாயுள் 110 நிமிடம். சைக்ளோட்ரானில் செய்து, தரம் பார்த்து, பெங்களூர் நெரிசலைத் தாண்டிக் குப்பம் வந்து சேரும்போது பாதிக்கு மேல் தீர்ந்திருக்கும். பெட்டும் எம்.ஆர்.ஐ.யும் ஒன்றாயிருக்கும் கருவியின் விலையைப் பற்றிப் பேசாமல் விடுகிறேன்.

கொச்சியில் அமிர்தா நானோ மையத்தில் மன்சூர் கோயக்குட்டியின் குழு 2013இல் வெளியிட்ட வேலையை எனக்கு இந்த இடத்தில்தான் பிடிக்கிறது. அவர்களும் கால்சியம் பாஸ்பேட் துகளைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அதில் எம்.ஆர்.ஐ.க்காகக் கடோலினியம், ஒளிக்காக இண்டோசயனின் பச்சைச் சாயம், காமா கேமராவுக்காக டெக்னீசியம்-99எம். மூன்றையும் ஒரே துகளில் சேர்த்து எலியில் காட்டினார்கள். அவர்கள் அதைப் புளிப்பு காட்டும் துகளாகச் செய்யவில்லை. பலவகைப் படத்துக்கு ஒரே மருந்து என்பது அவர்கள் நோக்கம். ஆனால் கட்டாவோகாவின் துகளும் இதுவும் ஒரே பொருளின் மேல் நிற்கின்றன. ஜப்பான்காரரின் பூட்டையும் கொச்சிக்காரரின் டெக்னீசியத்தையும் சேர்த்து யோசித்தால், வந்து சேர்ந்ததைச் சொல்லும் குரலும் புளிப்பைச் சொல்லும் குரலும் ஒரே இடத்தில் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. டெக்னீசியத்தின் அரையாயுள் ஆறு மணி நேரம். அதைக் கறக்கும் ஜெனரேட்டரை மருத்துவமனையிலேயே வைத்துக்கொள்ளலாம். சைக்ளோட்ரான் வேண்டாம், நெரிசலில் ஓடும் வண்டியும் வேண்டாம். காமா கேமரா பெட்டைவிட மலிவு. இரண்டு கருவியிலும் தனித்தனியாக எடுத்த படத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது கொஞ்சம் கரடுமுரடான வேலைதான். மாவட்ட அளவு மருத்துவமனைக்கு எட்டக்கூடிய கரடுமுரடு. யாராவது இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஆசைக்கு மேல் அதற்கு மதிப்பில்லை என்பதும் தெரியும், ஏனென்றால் மூன்று பொருளைச் சேர்த்த துகளுக்கு அனுமதி வாங்குவது ஒன்றைச் சேர்த்த துகளுக்கு வாங்குவதைவிட மூன்று மடங்கு அல்ல, அதற்கும் மேலே கடினம்.

வெளிச்சத்தின் சிக்கலுக்குத் துகளுக்குள் தீர்வு இல்லை. புற்றின் புளிப்பையும் காசநோயின் புளிப்பையும் துகள் பிரித்துச் சொல்லாது. அதைப் பிரிக்க இன்றைக்கும் ஸ்கேன் அறைக்கு வெளியே ஒரு மேஜை வேண்டும். கான்ட்ராஸ்ட் ஏற்றுவதற்கு முன் கையெழுத்து வாங்கும் படிவத்தில் இப்போது ஒவ்வாமை, ஆஸ்துமா, சர்க்கரை, சிறுநீரகம், கர்ப்பம் எல்லாம் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஒரே மொழியில் அச்சடித்து, படித்துக் காட்டாமலே கையெழுத்தாகும் படிவம். பதில் சொல்லும் துகள் ஒன்று இந்த ஊருக்கு வருகிற நாளில் அதில் இன்னொரு வரி சேர வேண்டியிருக்கும், அதுவும் அச்சில் அல்ல, வாயால், வந்தவர் பேசும் மொழியில் கேட்கும் வரி. காசநோய் இருந்ததா என்று கேட்டால் இல்லை என்றுதான் தலையாட்டுவார்கள். வீட்டில் பெண் கட்டிக்கொடுக்க வேண்டியிருக்கும். கேட்க வேண்டியது, உங்கள் வீட்டில் யாராவது ஆறு மாத மாத்திரை சாப்பிட்டார்களா என்று.